இரண்டாவது கையெழுத்து

மார்ச் 4

அக்கா,

உன்னுடைய சட்டம் நேற்று கோர்ட்டுக்கே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. கொழுகொழுவென்று நன்றாக இருக்கிறது. பெற்றவளைத்தான் உரித்து வைத்திருக்கிறது.

என் வக்கீல் எழுந்து, "கைப்பிடித் துணியோட லேப் ரிப்போர்ட் எப்பங்க வரும்? ஒரு வருஷமா இந்தப் பையன் ரிமாண்டுல கிடக்கிறான்" என்றார். அரசு வக்கீல் ஒரு தாளை எடுத்து வாசித்தார். ஆய்வகத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரியின் கூடப் பிறந்தவன் ஒரு வழக்கில் இருந்தால் அந்த ஆய்வகம் அந்த வழக்கைத் தொடக்கூடாதாம். இரண்டாவது ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமாம். "சரி, அனுப்புங்க" என்றார் நீதிபதி. "இன்னும் கட்டலைங்கய்யா" என்றார் அரசு வக்கீல். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன் அக்கா, பழக்கதோஷம்.

வெளியே வந்ததும் வக்கீல் சொன்னார், இந்த விதியைக் கேட்டு வாங்கியதே நீதானாம். சட்டமன்றக் குழு முன்னால் நின்று அரை மணி நேரம் பேசினாயாமே. வீட்டில் உன்னைப் பூதக்கண்ணாடி என்று கூப்பிட்டபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே நம் கடிதங்களைப் படித்துப் பார்த்து, வேண்டாத வரிகளில் கறுப்பு மை பூசுகிற எழுத்தர் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். அவருக்காக என் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஐயா, நான் குளிர்சாதனக் கிடங்கில் மெக்கானிக். ஒரு ஷிப்டில் யாரோ என்னைப் பின்னாலிருந்து மூன்றாம் குளிரறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியைக் காணோம். காலையில் விறைத்துப் போயிருந்த என்னை வெளியே தூக்கினார்கள். அதற்குள் மருந்துப் பெட்டிகள் திருடு போயிருந்தன, வாட்ச்மேன் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். போலீஸ் சொல்வது வேறு கதை. திருடர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டதே நான்தானாம். சந்தேகம் வராமலிருக்க நானே கைப்பிடியைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேனாம். அந்தக் கைப்பிடி ஒரு துணியில் சுற்றியபடி நடைபாதையில் கிடந்தது. அந்தத் துணியில் யாருடைய வியர்வை இருக்கிறது என்று பார்த்தால் வழக்கு முடிந்தது.

குளிரறையிலிருந்து நான் வெளியே வந்தேன், துணி உன் ஃப்ரீசருக்குள் போய்விட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன். ரிப்போர்ட்டை விடு. நீ என்னை நம்புகிறாயா?

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

உன் கோபம் நியாயம்தான். ஆனால் நான் கேட்டு வாங்கியதை முழுதாகச் சொல்ல விடு.

எனக்கு முன்னால் என் நாற்காலியில் இருந்தவர் தன் மருமகன் வழக்குக்குத் தானே ரிப்போர்ட் எழுதினார், ஒரே கையெழுத்தில். மருமகன் விடுதலையாகி வீட்டுக்குப் போனான். அவன் வீட்டில் வேலை செய்த பெண் சிறைக்குப் போனாள். அவள் மேல் தப்பில்லை என்று தெரிந்தபோது அவள் உயிரோடு இல்லை. அதனால்தான் குழுவிடம் கேட்டேன். பெரிய வழக்கு எதுவும் ஆய்வக ரிப்போர்ட் இல்லாமல் விசாரணைக்குப் போகக்கூடாது, ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அதிகாரம் பெற்ற இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும், சொந்தக்காரர் வழக்கை யாரும் தொடக்கூடாது என்று. எல்லாவற்றையும் கொடுத்தார்கள். கூடவே ஆளும் பணமும் இரண்டாவது ஆய்வகமும் கேட்டேன். அதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். சட்டம் போட ஒரு நாள் போதும், எல்லோரும் கைதட்டினார்கள். ஆள் போட இன்னும் மனம் வரவில்லை.

இரண்டாவது ஆய்வகத்துக்கு வேலி போட்ட ஒரு பொட்டல் இருக்கிறது, பலகை இருக்கிறது. எங்களுக்குப் புது மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். அதில் போட வேண்டிய ரசாயன கிட் வாங்கப் பணமில்லை. மிஷினுக்கு வந்த பணத்தில் மிச்சம் இருக்கிறது, ஆனால் அதில் கிட் வாங்கக்கூடாது, அது வேறு கணக்குத் தலைப்பாம். பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கவில்லை. அதன் மேல் எல்லோரும் சாப்பாட்டுப் பையை வைக்கிறார்கள். பழைய மிஷினை வைத்துக்கொண்டு நானும் இயக்குநரும் மாறி மாறிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இடமாறுதல் கேட்டேன். எங்கே மாற்றுவது, பொட்டலுக்கா என்றார் இயக்குநர்.

உன்னை வந்து பார்க்கவும் எனக்கு அனுமதி இல்லை. அதுவும் அதே விதிதான். அம்மா வருவாள்.

நீ கேட்ட கேள்விக்கு: ரிப்போர்ட் வரட்டும்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

ரிப்போர்ட் வரட்டும் என்று எழுதுவாய் என்று பந்தயம் கட்டியிருந்தேன். ஜெயித்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு சோப்பு கொடுத்தார்.

மாடிவீட்டு ஜன்னல் உடைந்த அன்றைக்கு என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? நான் எறியவில்லை என்று அழுகிறேன். அம்மா உன்னைக் கேட்கிறாள், "ஏண்டி, இவன்தான் எறிஞ்சானா?" நீ மூக்கை உயர்த்திக்கொண்டு, "எனக்குத் தெரியாதும்மா, கல்லைப் பாக்கணும்" என்றாய். நீ கல்லைத் தேடி முடிப்பதற்குள் என் முதுகு பழுத்துவிட்டது. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. இப்போதும் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

அம்மா வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் திட்டினாள், பிறகு உன்னைத் திட்டினாள், பிறகு காவலருக்கும் கொஞ்சம் விழுந்தது. "ஒருத்தி சட்டத்தைப் போட்டா, ஒருத்தன் அதுல போய் மாட்டிக்கிட்டான். நான் ரெண்டு பேரைப் பெத்தேனா, ஒரு வழக்கைப் பெத்தேனா?" என்றாள். போகும்போது உன் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு இப்போதெல்லாம் குளிர் தாங்குவதில்லை, வெயில் காலத்திலும்.

மை எழுத்தர் என்னைக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். "ஏம்ப்பா, வழக்கைப் பத்தி உங்கக்கா ஏதாவது கருத்து எழுதினா நான் அடிச்சே ஆகணும். லேப் அதிகாரி வாயைத் திறக்கக்கூடாது. எழுதிட வேண்டாம்னு சொல்லிடு." நான் சொன்னேன், "கவலைப்படாதீங்க சார், அவ திறக்கவே மாட்டா."

தம்பி


மே 11

தம்பிக்கு,

இன்று வேறொரு வழக்கின் மாதிரியை எடுக்க ஃப்ரீசரைத் திறந்தேன். இரண்டாவது தட்டில் உன் பொட்டலம் இருக்கிறது. போலீஸ் அரக்கு அப்படியே இருக்கிறது. நான் தொடவில்லை. கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேஜைக்காரி வந்து, "அக்கா, கதவை மூடுங்க, எல்லாம் உருகிடும்" என்றாள்.

அந்த ஃப்ரீசர் இப்போதெல்லாம் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. பழுது பார்க்கும் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கப் பணம் வரவில்லை. என்ன செய்யலாம் என்று எழுது. இதை நான் மெக்கானிக்கிடம் கேட்கிறேன், வழக்கில் இருப்பவனிடம் இல்லை.

இன்னொன்று. நான் வேலையை விடப் போகிறேன். நான் போய்விட்டால் அந்த விதி உன்னைத் தொடாது. பக்கத்து மேஜைக்காரி எல்லாத் தேர்விலும் தேறிவிட்டாள், கையெழுத்து அதிகாரம் மட்டும் வரவில்லை. என் இடம் காலியானால் அவளை அதில் போடுவார்கள், மூன்று நான்கு மாதம் ஆகலாம். அதுவரை இரண்டாவது கையெழுத்து இல்லாமல் லேப் நிற்கும். பிறகு முதல் வேலையாக உன் துணியைப் பார்ப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "போட்ட சட்டத்தை நீயே எடு" என்கிறாள். எடுக்க முடிந்தால் எடுக்க மாட்டேனா.

அக்கா


ஜூன் 1

அக்கா,

முதலில் ஃப்ரீசர். பின்பக்கம் கருப்புக் கம்பி வளைவுகள் இருக்கும், அதில் தூசி அப்பியிருந்தால் மூச்சு முட்டி நிற்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டு பிரஷ்ஷால் தட்டு. கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒற்றினால் கொஞ்ச நாள் ஓட்டலாம். என்னைக் கட்டிப்போட்டிருக்கும் துணிக்கு நானே மெக்கானிக், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது.

இப்போது இரண்டாவது விஷயம். வேலையை விடாதே.

இந்த அறையில் படுத்திருப்பவர்களில் பாதிப் பேர் உன் லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்கள். நான் யாருடைய தம்பி என்று தெரிந்ததிலிருந்து எனக்கு ராஜமரியாதை. ஜன்னலோரப் படுக்கையைக் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் ஒரு பஸ் கண்டக்டர் உன் கையெழுத்தால் வெளியே போனார். அவர் சட்டையில் இருந்த ரத்தம் அவருடையதேதான் என்று எழுதியிருந்தாயாமே. அறை முழுக்கத் தட்டில் தாளம் போட்டார்கள். எனக்கு ஏதோ நானே கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

அடுத்தது சித்தப்பா. எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். பெண்டாட்டிக்கு விஷம் வைத்தார் என்று வழக்கு. "வயித்து வலின்னு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்" என்று தினமும் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் தூங்குவார். ரிப்போர்ட் உன்னிடம்தான் இருக்கிறது. நீ போய்விட்டால் அவர் இன்னும் நாலு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், என் பக்கத்தில் படுத்துக்கொண்டு. என்னால் முடியாது அக்கா. வேண்டாம்.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒரு வருடமாக "துணியைப் பார், துணியைப் பார்" என்று கத்தியவன் நீ. பார்க்க வழி பிறக்கும்போது வேண்டாம் என்கிறாய். மற்றவர்களுக்காக என்கிறாய். நீ நல்லவன்தான், ஆனால் அவ்வளவு நல்லவன் இல்லை.

துணியில் என்ன வரும் என்று பயப்படுகிறாயா?

அக்கா


ஜூலை 6

அக்கா,

பூதக்கண்ணாடி சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பயப்படுகிறேன்.

கிடங்கில் கம்ப்ரெஸருக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் வேஸ்ட் துணி கிடக்கும். கை துடைக்க, வியர்வை துடைக்க, சூடான குழாயைப் பிடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். யார் துடைத்தது என்று யாரும் பார்ப்பதில்லை, துடைத்துவிட்டு திரும்பப் பெட்டியிலேயே போடுவோம். கைப்பிடியைச் சுற்றியிருந்த துணி அந்தப் பெட்டித் துணி என்று போலீஸ் படத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஆனால் அதில் என் வியர்வையும் இருக்கலாம் என்பது போன மாதம்தான் மண்டையில் உறைத்தது. சித்தப்பா என் துண்டை எடுத்து முகம் துடைத்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

துணியில் நான் இருந்தால் கோர்ட் என்ன சொல்லும்? அதைவிட, நீ என்ன சொல்வாய்? கல்லைப் பார்த்துவிட்டேன், அவன் கைதான் என்பாய். இதற்காகவா நீ வேலையை விட வேண்டும்?

சித்தப்பாவுக்காகவும்தான் வேண்டாம் என்றேன். அது பொய் இல்லை.

இன்னொரு வழியும் வந்திருக்கிறது. திருடர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டால் கொலைக் குற்றத்தை எடுத்துவிடுவார்களாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ரிப்போர்ட் தேவையில்லை, உன் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறதாம். உள்ளே இருந்த காலத்தைக் கழித்துக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார்களாம். "யோசிக்காதப்பா, கையெழுத்தைப் போட்டுடு. வெளிய வந்து மூச்சு விடு" என்கிறார் வக்கீல். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி கோர்ட்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் வாட்ச்மேன் பெண்டாட்டி வந்து மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறார். அந்த மனுஷனோடு நான் தினமும் டீ குடித்தவன். அவர் பெண்டாட்டி முன்னால் நின்று, ஆமாம், உங்கள் வீட்டுக்காரரைக் கொன்றவர்களை நான்தான் உள்ளே விட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் வீடு. எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போலிருக்கிறது அக்கா. ரொம்பக் களைத்துவிட்டேன். யாரும் நம்பாத உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன்.

தம்பி


ஜூலை 30

டேய்,

உன் கடிதம் வர இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. இது உன் கைக்கு ஒன்பதாம் தேதிக்கு முன் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

ராஜினாமா திரும்பி வந்துவிட்டது. இரண்டாவது கையெழுத்துக்காரர் அத்தியாவசியப் பணியாளராம். அவருடைய இடத்துக்கு இன்னொருவரை நியமித்த பிறகுதான் போகலாமாம். பக்கத்து மேஜைக்காரியை நியமியுங்கள் என்றேன். இடம் காலியானால்தான் நியமிக்க முடியும் என்றார்கள். அப்படியானால் நான் காலி செய்கிறேன் என்றேன். நியமித்த பிறகுதான் காலி செய்யலாம் என்றார்கள். புதிதாக ஒரு இடம் உருவாக்கும் கோப்பு நிதித்துறையில் தூங்குகிறது. நான் இயக்குநர் அறையில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன், அவர் தண்ணீர் கொடுத்தார். நீ அங்கே ரிமாண்டில், நான் இங்கே ரிமாண்டில். எனக்கு வாய்தாவும் கிடையாது.

போன கடிதத்தில் ஒரு வரி கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதை எழுதிவிட்டு ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

பொதுவாக ஒன்று சொல்கிறேன், இது எந்த வழக்குக்கும் இல்லை. ஒரு துணியில் பல பேருடைய வியர்வை இருக்கலாம், அவர்களைப் பிரித்துக் காட்ட முடியும். ஆனால் யார் எப்போது, எதற்காகத் துடைத்தார்கள் என்பதைத் துணி சொல்லாது. இதைத்தான் நான் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படியானால் துணியை மட்டும் பார்த்து ஒரு ஆளை எப்படி எடைபோடுவது என்று என்னை நானே கேட்டுக்கொள்ள இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

நீ முதல் கடிதத்தில் கேட்டதற்குப் பதில்:

██████ ██████████ ████ ███████ ████████ ██████ ███████. ████████ ███ ██████████ ███████. ██████ █████████ ████████ ███████ ████.

கையெழுத்துப் போடாதே.

ஃப்ரீசர் ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒற்றினேன். தாள் இப்போது வழுக்கவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 13

அக்கா,

உன் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. ஆனாலும் நான் கையெழுத்துப் போடவில்லை. எப்படி என்று சொல்கிறேன்.

ஒன்பதாம் தேதி காலையில் வேனில் ஏற்றிவிட்டார்கள். குளித்து, உன் ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்து, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பியிருந்தேன். வேன் நகரப் போகும்போது மை எழுத்தர் ஓடி வந்தார். அந்த மனுஷன் நடந்தே நான் அதிகம் பார்த்ததில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "ஏம்ப்பா, உங்கக்கா லெட்டர் என் மேஜையில இருக்கு. சீல் போடுற ஆள் லீவு, அவருக்குப் பதிலுக்கு ஆளும் கிடையாது. இன்னிக்கு உன் கைக்கு வராது. வந்தாலும் அந்த இடத்துல மையைப் பூசித்தான் தருவேன். அதனால கேட்டுக்கோ. உன்னை நம்புறாங்களாம். துணியில என்ன வந்தாலும் நம்புறாங்களாம். ஜன்னல் உடைஞ்ச அன்னிக்கே நம்பினாங்களாம், சொல்லத்தான் பயமா இருந்துச்சாம்."

மேற்கொண்டு அவரே சொன்னார், "நான் அடிக்கிறது உனக்கு எதிரா இல்லப்பா. ஒரு லேப் அதிகாரி எழுதினதுன்னு அது வெளிய போனா அந்தம்மா வேலைக்கே உலை வச்சிடும்." வேன் கிளம்பிவிட்டது. வழி முழுக்க நான் அழுதேன். பக்கத்தில் இருந்த காவலர் வாந்தி என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

கோர்ட்டில் பேனாவைக் கொடுத்தார்கள். வாட்ச்மேன் பெண்டாட்டி மூன்றாவது பெஞ்சில்தான் இருந்தார். "நான் திறந்துவிடலைங்கய்யா, போட மாட்டேன்" என்றேன். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். நீதிபதி வாய்தா போட்டார். ரிப்போர்ட் வரும்வரைக்கும் என்று எழுதினார்கள். எப்போது என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அந்த அம்மா என் கண்ணையே பார்த்தார். நானும் பார்த்தேன், அவ்வளவுதான்.

பழைய அறைக்கே வந்துவிட்டேன். என் படுக்கையை யாரோ அதற்குள் பிடித்துவிட்டார்கள், பேசி வாங்கினேன். நேற்று சித்தப்பாவுக்கு ரிப்போர்ட் வந்தது, உன் கையெழுத்தோடு. விஷம் இல்லை, குடல் ஓட்டை. போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் பிடித்தது உன்னை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது உன் கடிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மனுஷன் நன்றாகத்தான் பூசியிருக்கிறார், ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. பரவாயில்லை, எனக்கு மனப்பாடம். இந்தக் கடிதத்தையும் அவர்தான் படிக்கப் போகிறார். என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

எப்போது வெளியே வருவேன் என்று தெரியவில்லை. சில நாள் காலையில் விழிக்கும்போது மூன்றாம் குளிரறையிலேயே இன்னும் இருப்பதாகத் தோன்றுகிறது, கையால் கதவைத் தேடுகிறேன். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று இப்போது தெரியும்.

நீ ஆபீசுக்குப் போ. இங்கே இருப்பவர்களுக்குக் கையெழுத்துப் போடு. அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். மாதம் ஒருமுறை ஃப்ரீசரின் பின்பக்கம் தூசி தட்டு, கதவை ரொம்ப நேரம் திறந்து வைக்காதே. நானும் அதற்குள்தான் இருக்கிறேன்.

தம்பி